பாதி தெரியும், சாப்

போன வாரம் பிரின்சி போர்ட் பிளேரிலிருந்து போன் செய்தாள். அந்தமானில், வண்டூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். நடு அந்தமான் தீவில் இருக்கும் ரங்கத்தில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. பன்னிரண்டு நாளில் போய்ச் சேர வேண்டும்.

"அங்கிள், இண்டர்வியூல லினக்ஸ் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னு சொல்லிட்டேன்."

"தெரியுமா?"

"பேரு தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அவளோடு வேலைக்குச் சேரப்போகும் இன்னும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் கம்பியில்லாத் தந்தியிலும் அதற்குப் பிறகு வந்த கருவிகளிலுமாக முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். உண்மையைச் சொன்னேன். ஓய்வு பெறப்போகும் சமயத்தில் எங்கள் அலுவலகத்துக்கும் அந்தக் கறுப்புத்திரைக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து, அதில் உள்ளதை அப்படியே தட்டுவேன். தவறிப்போய் வேறு எதையாவது தட்டிவிடுவேனோ என்று ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை சரிபார்ப்பேன். அவ்வளவுதான் எனக்கும் லினக்ஸுக்கும் உள்ள உறவு.

ஆனால் தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு நாளை எண்ணிக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதை அவர்களுக்குச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதியிருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம். தூத்துக்குடியில் தந்திகளைச் சைக்கிளில் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுக்கும் தற்காலிக வேலையில் இருந்தேன். அந்தமானில் ஒரு துறைக்கு வயர்லெஸ் ஆபரேட்டர்கள் வேண்டும், மெட்ராஸில் நேர்முகம் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"தந்தி ஆபீஸ்லயா இருக்கீங்க? அப்ப மோர்ஸ் தெரியும்?"

தலை தானாக ஆடிவிட்டது. "தெரியும் சார்."

சோதித்துப் பார்க்க வேண்டிய கருவி அன்றைக்கு வந்து சேரவில்லை. தீவுக்குப் போகச் சம்மதிப்பவர்களும் அதிகம் இல்லை. "அங்க போய் அவங்க பாத்துக்குவாங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். கப்பல் எட்டு நாளில். கடலில் நாலு நாள். மொத்தம் பன்னிரண்டு.

ஊருக்குத் திரும்பி, தந்தி ஆபீஸில் கருவியில் உட்காரும் நண்பன் ஒருவனிடம் ஓடினேன். அவன் என்னைத் திட்டி முடித்துவிட்டு, பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் மோர்ஸ் முழுவதையும் எழுதிக் கொடுத்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் எதிரே புள்ளிகளும் கோடுகளும். முதலில் ஆங்கில எழுத்துகள், பிறகு எண்கள், அடியில் கால்புள்ளி, கேள்விக்குறி மாதிரி சில்லறைக் குறிகள். எட்டு நாளில் எனக்கு ஏழெட்டு எழுத்துதான் மண்டையில் ஏறியது. கண்ணால் பார்த்தால் தெரியும். காதால் கேட்டால் ஒன்றும் புரியாது. மோர்ஸ் காதுக்கான மொழி என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கப்பலில் கீழ்த்தளத்து பங்க் வகுப்பு. முதல் நாள் முழுக்க வாந்தி. இரண்டாம் நாள் டிபன் பாக்ஸ் மூடியை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தேன். புள்ளிக்கு ஒரு தட்டு, கோட்டுக்கு ஓர் இழுப்பு. எனக்குக் கீழே உள்ள படுக்கையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"என்ன தம்பி, காலையில இருந்து தகரத்தைப் போட்டு அடிச்சிக்கிட்டே இருக்க? இந்தச் சத்தத்துலதான் எனக்குக் குமட்டுது, கடலால இல்ல."

பாக்கியத்தக்கா. திருநெல்வேலிப் பக்கம். முப்பது வயது இருக்கும். புருஷன் போர்ட் பிளேரில் கொத்தனார். முதன்முறையாக அவரிடம் போய்ச் சேரத் தனியாக வந்துகொண்டிருந்தாள். நான் கதையைச் சொன்னேன். அவள் நாட்காட்டித் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு எழுத்து ஒன்னும் தெரியாது. ஆனா புள்ளி எது, கோடு எதுன்னு தெரியுதுல்லா. நான் பாத்துப் பாத்துத் தட்டுதேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு என்னன்னு சொல்லு."

அப்படித்தான் என் படிப்பு தொடங்கியது. அவள் விரலை ஏதாவது ஒரு வரியில் வைப்பாள். தட்டுவாள், இழுப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு "எஃப்" என்பேன். சரியா தப்பா என்று சொல்ல அவளால் முடியாது.

"நீ பொய் சொன்னாலும் எனக்குத் தெரியாது தம்பி. திரும்பிப் பாத்து நீயேதான் சொல்லணும்."

திரும்பிப் பார்ப்பேன். "தப்புக்கா. எல்."

"அப்ப இன்னொரு தடவை."

ஒரு நாளைக்கு நூறு முறையாவது "தப்புக்கா" சொல்லியிருப்பேன். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அக்கம்பக்கத்துப் படுக்கைக்காரர்கள் என் தப்புகளை எண்ணத் தொடங்கினார்கள். ஒரு தெலுங்குக்காரர் நான் சரியாகச் சொல்லும்போதெல்லாம் கை தட்டினார். நான்காம் நாள் தீவுகளின் பச்சை தெரிந்தபோது எழுத்துகளும் எண்களும் காதில் ஏறியிருந்தன. மெதுவாகத் தட்டினால் மட்டும்.

"அடியில இன்னும் கொஞ்சம் கெடக்கே?" என்றாள் பாக்கியத்தக்கா, சில்லறைக் குறிகளைக் காட்டி.

"அதெல்லாம் தேவைப்படாதுக்கா" என்றேன். நேரமும் இல்லை.

போர்ட் பிளேர் கரையில் அவளுடைய புருஷன் வந்து கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை. எழுத்தறியாத ஒரு பெண்தான் எனக்குத் தந்தி மொழி கற்றுக்கொடுத்தாள் என்று எந்த விண்ணப்பத்திலும் எழுத முடியவில்லை. இங்கே எழுதிவிட்டேன். பிள்ளைகளே, உங்களுக்கும் ஓர் ஆள் வேண்டும். பாடம் தெரிந்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் தப்பை உங்கள் வாயாலேயே சொல்லவைக்கிறவராக இருந்தால் போதும்.

ரங்கத்துக்கு அப்போது போட்டில்தான் போக வேண்டும். சாலை இன்னும் பாராடாங் பக்கத்துக் காட்டை வெட்டிக்கொண்டிருந்தது. நான் இறங்கிய அதே போட்டில் பழைய ஆபரேட்டர் ஏறினார். மெயின்லாண்டுக்கு மாற்றல் கிடைத்த சந்தோஷத்தில் அவர் கால் தரையில் பாவவில்லை. படகுத்துறை ஜெட்டியில் நின்றபடியே அறைச் சாவியையும் பதிவேட்டையும் கொடுத்தார். "செட்டு நல்ல செட்டு. மழைன்னா கொஞ்சம் கரகரங்கும்" என்றார். என் பயிற்சி அவ்வளவுதான்.

எங்கள் அதிகாரி ஒரு பஞ்சாபிக்காரர். தாடி, இஸ்திரி மடிப்புக் கலையாத காக்கி உடுப்பு. எல்லோருக்கும் அவர் சாப், அதாவது ஐயா. முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்:

"மோர்ஸ் ஆத்தா ஹை?"

மோர்ஸ் வருமா என்கிறார். "ஆத்தா ஹை, சாப்" என்றேன். இரண்டாம் பொய்.

நிலையம் என்பது தகரக்கூரை போட்ட ஓர் அறை. உயரமான இரண்டு மரக்கம்பங்களுக்கு நடுவில் ஏரியல் கம்பி. மேசையில் வயர்லெஸ் செட், நாங்கள் சாவி என்று சொல்லும் மோர்ஸ் தட்டுகிற கட்டை, தலையில் மாட்டும் ஹெட்போன். காலை எட்டு மணிக்குப் போர்ட் பிளேர் எல்லாத் தீவு நிலையங்களையும் கூப்பிடும். மாயாபந்தர், டிக்லிபூர், லாங் ஐலண்ட், ஹட்பே, ரங்கத். ஒருவர் அனுப்புவது மற்ற நாலு பேருக்கும் கேட்கும்.

முதல் நாள் ஹெட்போனை மாட்டினேன். டிபன் பாக்ஸ் மூடியில் கேட்ட எதுவும் அங்கே இல்லை. ஊசி மாதிரி ஒரு சத்தம், வெள்ளமாக. ஒரு வார்த்தைகூடப் பிடிக்க முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் சாப் நிற்கிறார். என் நண்பன் தாளின் ஓரத்தில் சில சுருக்கக் குறிகளை எழுதி, "உசுரு போனாலும் இதை மறக்காத" என்று அடிக்கோடு போட்டிருந்தான். அதில் ஒன்று கியூ ஆர் எஸ். மெதுவாக அனுப்பு என்று பொருள். அதை அனுப்பினேன்.

போர்ட் பிளேர் நின்றது. பிறகு, எழுத்து எழுத்தாக, நடக்கப் பழகும் பிள்ளைக்கு விரலைக் கொடுப்பது போல அனுப்பத் தொடங்கியது. அந்தப் பக்கம் இருந்தவர் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் அனுப்பும் வழக்கம் இல்லை. நிலையத்தின் குறி மட்டும்தான். ஆனால் கை தெரியும். ஒவ்வொரு சொல்லின் கடைசிக் கோட்டையும் இம்மியளவு இழுப்பார். பத்துப் பேர் தட்டினாலும் அந்தக் கையை நான் கண்டுபிடித்துவிடுவேன். அன்றிலிருந்து ரங்கத்துக்கு மட்டும் அவர் வேகத்தைக் குறைத்தார். நானும் ஒவ்வொரு தந்திக்கும் இரண்டு முறை 'மறுபடி அனுப்பு' கேட்டு ஒப்பேற்றினேன்.

பிள்ளைகளே, உங்கள் கம்ப்யூட்டரிலும் இப்படி ஏதாவது இருக்கும். நிறுத்த, திரும்பிப் போக, உதவி கேட்க. மற்றதைக் கற்பதற்கு முன்னால் அவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள்.

சேர்ந்த ஒன்பதாம் நாள். காலை பத்தரை மணி. வானம் இருட்டி, கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் குடை இல்லாமல் நனைந்துகொண்டு ஓடிவந்தார். வங்காளி. டாக்டர் முந்தின நாள் மாயாபந்தருக்குப் போட்டில் போயிருந்ததால் ஆஸ்பத்திரியில் அவர் மட்டும்தான்.

ஒரு குடியேற்ற விவசாயியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பெயர் நிமாய். நெல்லுக்குப் புதிதாக வந்த பூச்சி மருந்தைக் காற்றுக்கு எதிராக நின்று அடித்திருக்கிறார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, மூச்சு களகளக்கிறது. முறிமருந்து ஊசி ஆஸ்பத்திரியில் இருக்கிறது. எவ்வளவு, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும் என்பது கம்பவுண்டருக்குத் தெரியாது. அந்தப் பூச்சி மருந்தே தீவுக்குப் புதிது.

"போர்ட் பிளேர் டாக்டர் சே பூச்சோ. ஜல்தி, பாயி!" போர்ட் பிளேர் டாக்டரிடம் கேள், சீக்கிரம் என்கிறார்.

கேட்டேன். இருபது நிமிடத்தில் பதில் வந்தது. அதே கை. இடி விழும்போதெல்லாம் ஹெட்போனில் எண்ணெயில் கடுகு பொரிவது போலச் சத்தம். முதலில் மருந்தின் பெயர், அளவு. எழுதினேன். பிறகு 'திரும்பப் போடுக, ஒவ்வொரு' என்று வந்தது. அடுத்து ஒன்று என்ற எண். அடுத்து ஏதோ ஒரு சத்தம். அடுத்து இரண்டு. அடுத்து 'மணி'.

அந்த நடுச் சத்தம் எனக்குத் தெரிந்த எந்த எழுத்தும் இல்லை. எக்ஸ் போலத் தொடங்கி, அதோடு நிற்காமல், இன்னொரு புள்ளியோடு முடிந்தது. கம்பவுண்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சட்டையிலிருந்து தண்ணீர் என் பதிவேட்டில் சொட்டியது. வாசலில் சாப். அந்த நொடியில் நான் முடிவு செய்தேன்: இது இடிச் சத்தம். ஒன்று, இரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. எந்த மருந்துச் சீட்டிலும் பார்க்கக்கூடியதுதானே? பெற்றுக்கொண்டேன் என்று அனுப்பிவிட்டுத் தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.

"பாரா கண்டா?" என்று கேட்டார் கம்பவுண்டர். பன்னிரண்டு மணி நேரமா?

"பாரா கண்டா."

அவர் மழையில் ஓடினார். சாப் தலையசைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். வேலையைச் சரியாக முடித்தவன் போல நானும் நாற்காலியில் சாய்ந்தேன்.

இரண்டு நிமிடம்கூட இருக்காது. விரல் தானாக மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. டா டிட் டிட் டா டிட். மறுபடி. டா டிட் டிட் டா டிட். அப்புறம்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இடியை எவனாலும் திருப்பித் தட்ட முடியுமா? இடிக்குத் தாளம் ஏது? இதைத் தட்ட முடிகிறது என்றால் இதை ஒரு கை அனுப்பியிருக்கிறது. எனக்குத் தெரியாத ஒன்றை, தெரியாது என்ற காரணத்துக்காகவே, சத்தம் என்று ஒதுக்கியிருக்கிறேன்.

பெட்டியில் இருந்த நாட்காட்டித் தாளைத் தேடினேன். ரங்கத்துக்கு வந்த போட்டில் அடிப்பகுதி நனைந்து மை ஊறிப் போயிருந்தது. சில்லறைக் குறிகள் இருந்த இடத்தில் நீலத் திட்டு.

இனி கேட்டால்தான் உண்டு. ஆனால் எப்படிக் கேட்பது? பெற்றுக்கொண்டேன் என்று சொல்லியாகிவிட்டது. இப்போது இது என்ன குறி என்று கேட்டால், மோர்ஸ் முழுதாகத் தெரியாத ஒருவன் ரங்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பது போர்ட் பிளேருக்கு மட்டுமா தெரியும்? மற்ற நாலு நிலையத்துக்கும் தெரியும். மாலைக்குள் சாப் காதுக்கு வரும். அடுத்த போட்டில் ஊர். சைக்கிள். அம்மாவிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். வெட்கத்தை மறைக்காமல் சொல்கிறேன், நிமாயைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதையெல்லாம்தான் யோசித்தேன். ஒரு நிமிடம் போயிருக்கும். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

சாவியைத் தொட்டேன். முறையான குறியீடு எதுவும் நினைவுக்கு வரவில்லை. வெறும் ஆங்கிலத்தில், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அனுப்பினேன்: ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் வந்த குறி எனக்குத் தெரியாது. அது என்ன?

பதில் உடனே வந்தது. குறியே இல்லாமல், எழுத்துக் கூட்டி, மெதுவாக. அரை. அரை மணி. முப்பது நிமிடம். மறுபடி: முப்பது நிமிடம்.

அது சாய்கோடு. ஒன்றின் கீழ் இரண்டு. பிரின்சியிடம் இதைச் சொன்னபோது அவள் முகம் மாறியது. அவளுடைய லினக்ஸிலும் ஒரு சாய்கோட்டை இடம் மாற்றிப் போட்டால் என்னென்னவோ அழிந்துபோகுமாம்.

ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு ஓடினேன். பணி நேரத்தில் நிலையத்தை ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போவது பெரிய குற்றம். அதை யோசிக்க நேரம் இல்லை. பஜார் வழியாக, முழங்கால்வரை சேறு. செருப்பில் ஒன்று எங்கேயோ நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி கண்ணில் படுவதற்கு முன்பே கத்தத் தொடங்கிவிட்டேன்.

"பாரா கண்டா நஹீங்! ஆதா கண்டா! ஆதா! ஆதா!" ஆதா என்றால் அரை, பாதி.

டீக்கடை மலையாளி நான் அரை டீ கேட்டுக்கொண்டு ஓடுவதாக நினைத்து ஆற்றி வைத்துவிட்டாராம். பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் முதல் ஊசியைப் போட்டு முடித்து, அடுத்தது இரவில்தான் என்று சிரிஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமாய்க்குக் கொஞ்சம் தெளிவு வந்து, மறுபடியும் வியர்வை அரும்பத் தொடங்கியிருந்தது. அவர் மனைவி முந்தானையால் துடைத்துத் துடைத்து, அது நிற்காததைக் கண்டு கம்பவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். என்னுடைய தப்பு என்பதையும் சொன்னேன். கம்பவுண்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சிரிஞ்சை மறுபடி கொதிக்கும் தண்ணீரில் போட்டார். இரண்டாம் ஊசி சரியாக அரை மணியில் ஏறியது.

வார்டில் கடிகாரம் இல்லை. என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது. பெரிய முள் மேலே வரும்போது ஒருமுறை, கீழே வரும்போது ஒருமுறை கம்பவுண்டரைக் கூப்பிட வேண்டும் என்று விரலால் காட்டினேன். அவள் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் பேச்சுக்கும் நிமிரவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலைவரை ஒருமுறைகூடத் தவறவில்லை என்று கம்பவுண்டர் சொன்னார். ஐந்து மணிக்கு நிமாய் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாராம்.

ஆனால் அது மாலைச் செய்தி. நான் ஒற்றைச் செருப்போடு நிலையத்துக்குத் திரும்பியபோது சாப் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹெட்போனிலிருந்து போர்ட் பிளேர் கூப்பிடும் சத்தம் மெலிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"கஹாங் தே தும்?" எங்கே போயிருந்தாய்?

எல்லாவற்றையும் சொன்னேன். மெட்ராஸ் நேர்முகத்திலிருந்து. கப்பல், நாட்காட்டித் தாள், சாய்கோடு, ஆஸ்பத்திரி. எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில், நடுநடுவே தமிழும் கலந்து. அவர் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில் அதே பழைய கேள்வி.

"சச் போலோ. மோர்ஸ் ஆத்தா ஹை யா நஹீங்?" உண்மையைச் சொல், வருமா வராதா?

பொய் சொல்ல உடம்பில் தெம்பு இல்லை. "ஆதா ஆத்தா ஹை, சாப்."

பாதி வரும், சாப்.

தாடிக்குள் ஏதோ அசைந்தது. கோபம் என்று நினைத்தேன். மனிதர் மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். "ஆதா!" என்றார். "பூரா தின் ஆதா, ஆதா!" நாள் முழுக்கப் பாதியா உனக்கு என்று சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது. பதிவேட்டைத் திறந்து என் முன்னால் தள்ளினார். நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். குறி தெரியாதது, தவறாகக் கொடுத்தது, திரும்பக் கேட்டது, நிலையத்தை விட்டு ஓடியது. எழுதினேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டார். "மீதிப் பாதியை ஒரு மாசத்துக்குள்ள படி. இல்லேன்னா நானே போட்டுல ஏத்திவிடுவேன்" என்றார், இந்தியில். அவர் சொன்னால் செய்வார். அதனால் எனக்குத் தண்டனை கிடைக்காத கதையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மாதம் முழுக்க நான் பஜார் பக்கம்கூடப் போகவில்லை.

மறுநாள் காலை எட்டு மணி. வெயில் அடித்தது. ஹெட்போனை மாட்டும்போதே எனக்குத் தெரியும், நேற்று மற்ற நாலு நிலையமும் கேட்டிருக்கும். இன்றைக்கு யாராவது ஏதாவது சொல்வார்கள்.

போர்ட் பிளேர் வந்தது. ரங்கத்தைக் கூப்பிடவில்லை. 'எல்லா நிலையங்களும் எழுதிக்கொள்க' என்றது. பிறகு அந்தக் கை, மெதுவாக, எனக்கு அனுப்பும் அதே வேகத்தில், முற்றுப்புள்ளியை அனுப்பியது. அதை அடுத்து அதன் பெயரை எழுத்துக்கூட்டி அனுப்பியது. பிறகு கால்புள்ளி, அதன் பெயர். கேள்விக்குறி. அடைப்புக்குறி. சாய்கோடு, இரண்டு முறை. நான் ஒவ்வொன்றையும் எழுதினேன். பெயரில்லாத அந்த மனிதர் ஐந்து நிலையத்தையும் உட்காரவைத்து எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார், யாருக்காக என்று சொல்லாமல்.

கடைசியில் கேட்டார்: வேறு யாருக்காவது சந்தேகம் உண்டா?

வெறும் இரைச்சல். பிறகு தூரத்திலிருந்து, தெற்கே, ஹட்பே வந்தது. ஹட்பே ஆபரேட்டர் ஒன்பது வருடமாக அந்த வேலையில் இருப்பவர். எங்கள் எல்லோரிலும் மூத்தவர். வேகமான கை.

ஒன்று கேட்கட்டுமா என்றார். கியூ ஆர் எக்ஸ் என்றால் என்ன?

எனக்கே தெரிந்த குறி அது. 'காத்திரு, திரும்பக் கூப்பிடுகிறேன்' என்று பொருள். போர்ட் பிளேர் அதைச் சொன்னது. ஹட்பேக்காரர், 'வேலை முடிந்தது, போகலாம்' என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன் என்று அனுப்பினார்.

ஒன்பது வருடமாகப் போர்ட் பிளேர் காத்திரு என்று சொல்லும்போதெல்லாம் மனிதர் செட்டை அணைத்துவிட்டுத் தூண்டிலோடு கடலுக்குப் போயிருக்கிறார்! ஹட்பே செட்டில் கோளாறு என்று இரண்டு முறை மெக்கானிக்கைக்கூட அனுப்பியிருக்கிறார்கள்.

பிறகு அந்தக் கை ஒரு புதுக் குறியை அனுப்பியது. நாலு புள்ளி, இரண்டு புள்ளி. மறுபடி நாலு, இரண்டு. மாயாபந்தர் அதையே திருப்பி அனுப்பியது. பிறகு டிக்லிபூர். பிறகு லாங் ஐலண்ட். எழுத்துகளாக எடுத்தால் ஹெச், ஐ; ஆனால் அப்படி ஒரு சுருக்கக் குறி என் தாளில் எங்கேயும் இல்லை. இந்த முறை நான் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. சாவியைத் தொட்டு, இது என்ன, எனக்குத் தெரியாது என்று கேட்டேன்.

போர்ட் பிளேர் எழுத்துக்கூட்டிச் சொன்னது.

சாப் வாசலில் வந்து நின்றார். ஹெட்போனிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு முகம் சுருங்கியது. "கியா போல் ரஹே ஹைங்?" என்ன சொல்கிறார்கள்?

"ஹஸ் ரஹே ஹைங், சாப்" என்றேன். "சிரிக்கிறாங்க."